சிவகரனுக்கு என்ன நடந்தது

செத்தவீட்டில் ஒரு முறை இருக்கிறது. வருகிற பெண்கள் முதலில் கட்டிப்பிடித்து அழுவார்கள். அழுகை அடங்கி, மூக்கைச் சீறி, முகத்தைத் துடைத்து, பாயில் வசதியாகக் குந்திய பிறகு ஒரு கேள்வி வரும். "என்னெண்டு நடந்தது?" அதற்கு வீட்டில் ஒருவர் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். கடைசியாக என்ன சாப்பிட்டார், என்ன சாரம் கட்டியிருந்தார், ஆரைக் கேட்டார், ஒன்றும் விடக்கூடாது. நாற்பது பேர் வந்தால் நாற்பது தரம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் வந்தவர்களுக்கு வந்து போனது போலவே இராது.

சிவகரனின் செத்தவீட்டில் அவனுடைய மனுசி சிவரூபிக்குப் பேச்சே வரவில்லை. சுவரோடு சாய்ந்து நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். ஆகவே சொல்லுகிற வேலை அவனுடைய அக்கா கமலாசனிக்கு வந்து சேர்ந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையில் அவளை வெல்ல வட்டக்கச்சிப் பக்கத்தில் ஆளில்லை. புருசனுமில்லை, பிள்ளையுமில்லை, தம்பி வீட்டுக்குப் பக்கத்து வளவில் தனிக்குடித்தனம். ஐம்பத்துநாலு வயதுக்குள் எத்தனை வீட்டில் வாயடைத்துப்போனவர்களுக்காக இவள் கதை சொல்லியிருக்கிறாள். இவள் சொன்னால் செத்தவர் எழும்பி வந்து பக்கத்தில் குந்தியிருப்பது போல இருக்கும்.

முதலில் வந்தவள் ரஜிதா, அடுத்த ஒழுங்கைக்காரி. அவளுக்குக் கமலாசனி உள்ளதை உள்ளபடியே சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை வயலால வந்து உடம்பு நோகுது எண்டவன். பெனடோலைப் போட்டிட்டுப் படுத்திட்டான். சனி, ஞாயிறு விடாமல் காய்ச்சல். திங்கள் காலமை பாத்தால் கண் ரெண்டும் மஞ்சள். ஆஸ்பத்திரியில எலிக்காய்ச்சல் எண்டு சொல்லி யாழ்ப்பாணத்துக்கு ஏத்தினவை. புதன் விடிய எல்லாம் முடிஞ்சுது."

ரஜிதா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எலிக்காய்ச்சல் என்றதும் அவளுடைய கண் மெல்ல மூலை முடுக்குக்கெல்லாம் போய் வந்தது. நெல்மூட்டை அடுக்கிய பக்கம், குசினி வாசல், அலுமாரிக்குக் கீழே.

"வீட்டுக்குள்ள எலி கூடவோ மச்சாள்?" என்று கேட்டாள். குரலில் இரக்கம்தான். ஆனால் கொடுத்த பிளேன்ரீயை அவள் வாயில் வைக்கவில்லை. கதிரைக்குக் கீழே தள்ளிவிட்டு எழும்பிப் போனாள்.

கமலாசனிக்குச் சுருக்கென்று குத்தியது. நாளுக்கு இரண்டு தரம் கூட்டித் துடைக்கிற சிவரூபியின் வீடு இது. நாளைக்கு ஊரெல்லாம் என்ன சொல்லும், ஊத்தை வீடு, எலி ஓடின வீடு என்றுதானே சொல்லும். அடுத்த ஆட்கள் வந்து கேட்டபோது அந்தச் சொல் அவளுக்கு வாயில் வரவில்லை.

"என்ன காய்ச்சலோ, டொக்டர்மாருக்கே பிடிபடேல்லை" என்றாள்.

அப்படிச் சொன்னதும் கதையில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. மாடு போல உழைத்த மனிசன், நாற்பத்தெட்டு வயது, ஐந்து நாளில் போய்விட்டான் என்றால் ஏன் என்று இருக்க வேண்டாமா. பாயில் இருந்தவர்கள் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். கமலாசனி அந்தப் பள்ளத்தை நிரவக் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் போட்டாள். கைக்குக் கிடைத்தவர் வீரபாகு.

"வியாழக்கிழமை வீரபாகண்ணையோட வயலில வாய்த்தர்க்கம். அடுத்த நாள்தான் காய்ச்சல்" என்றாள்.

வாய்த்தர்க்கம் நடந்தது பொய்யில்லை. மார்கழி மழை விடாமல் பெய்து வயலெல்லாம் முழங்கால் தண்ணீர். சிவகரனின் வயலுக்கு மேற்பக்கத்து வயலைக் குத்தகைக்குச் செய்கிறவர் வீரபாகு. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் சின்னப் பொடியனாகத் தகப்பனின் கையைப் பிடித்தபடி மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்தவர். தன்னுடைய பயிர் அழுகுதென்று வரம்பை வெட்டித் தண்ணீரைக் கீழே விட்டார். சிவகரன் பாய்ந்தான். "என் வயிறு எரியுதுப்பா, நான் என்ன செய்ய" என்று வீரபாகு சொன்னார். அவ்வளவுதான். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.

ஆனால் பாயிலிருந்த ஒரு மனுசி கேட்டாள்.

"வயிறெரிஞ்சு சொன்னவரே? மண் கிண் அள்ளித் தூத்தினவரோ?"

கமலாசனி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெருமூச்சொன்று விட்டாள். அது போதுமாயிருந்தது. பின்னேரம் வந்தவர்களுக்கு அவள் சொன்ன கதையில் வீரபாகு குனிந்து மண்ணை அள்ளிவிட்டார். அடுத்த நாள் வந்தவர்களுக்கு அவர் அதை மூன்று தரம் தூற்றினார். கதை நன்றாக வந்தது. கேட்டவர்கள் நெஞ்சில் கை வைத்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த பிளேன்ரீயை எல்லோரும் மிச்சமில்லாமல் குடித்தார்கள்.

எட்டாம் நாள் செலவு முடிவதற்குள் அந்தக் கதை இவளை விட்டுத் தனியாக நடக்கத் தொடங்கிவிட்டது. வீரபாகுவின் மகன் சதீசை மருந்தடிக்கக் கூப்பிடுகிறவர்கள் கூப்பிடவில்லை. மருமகள் அனோஜாவைக் களை பிடுங்கக் கேட்கிறவர்களும் கேட்கவில்லை. கடைக்கு அந்த வீட்டு ஆட்கள் போனால் பேச்சு நிற்கும். சுகாதாரப் பரிசோதகர், வயல்காரரின் கமக்கார அமைப்புக் கொடுத்த பெயர்ப்பட்டியலோடு மோட்டார்சைக்கிளில் வந்து, "வயலுக்குள்ள இறங்கிற எல்லாரும் காய்ச்சல் வராமலிருக்கக் கிழமைக்கொருக்கா இந்தக் குளிசையைப் போடுங்கோ, இந்த ஊரில ஒருத்தர் செத்திருக்கிறார்" என்று படலை படலையாகச் சொன்னார். ஆட்கள் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். "சிவகரன் காய்ச்சலாலயோ ஐயா செத்தவன்?" என்று கேட்டுவிட்டுக் குளிசை அட்டையைக் கொண்டுபோய்ச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகினார்கள்.

கமலாசனிக்கு அது தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அதற்கு எலி மட்டும் காரணமில்லை. அவளுடைய நெஞ்சுக்குள் இன்னொன்று கிடந்தது.

கார்த்திகையிலேயே சிவகரன் அந்தக் குளிசையை வீட்டுக்குக் கொண்டு வந்தவன். கமக்கார அமைப்பின் கூட்டத்தில் கொடுத்தார்கள். வாயில் போடப் போனவனை மறித்தது இவள். அமைப்பின் தலைவர் நடராசா குளிசை போட்டு நாள் முழுக்கச் சத்தியெடுத்த கதையை, அவர் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓங்காளித்ததை, அவருடைய மனுசி பதறிப் போய் உடுக்கடிக்கிறவரைக் கூட்டி வரப் புறப்பட்டதை எல்லாம் நடித்தே காட்டினாள். சிவகரன் சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழப் பார்த்தான். "அப்ப எனக்கு வேண்டாமக்கா" என்று குளிசையை மேசையில் போட்டான்.

அதைத்தான் அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

சிவகரன் செத்துப் பத்தொன்பதாம் நாள் மத்தியானம், அவள் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது அனோஜா படலைக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அம்மா, ஒரு வார்த்தை பேசணும்."

"என்ன பிள்ளை?" என்றாள் கமலாசனி. எழும்பவில்லை.

"இவருக்கு மூணு நாளா காய்ச்சல். காலு ரெண்டும் இழுக்குது, நடக்க முடியல. கண்ணு மஞ்சளா இருக்கிற மாதிரி எனக்குத் தோணுது."

அரிசியில் இருந்த கை அப்படியே நின்றது.

"அப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதை விட்டிட்டு இஞ்சை ஏன் வந்தனீ?"

"மாமா விடமாட்டேங்கிறாருங்க." அனோஜா படலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப இவரும் அதே மாதிரிப் படுத்துட்டாருன்னு தெரிஞ்சா, செஞ்சது செஞ்சவனுக்கே திரும்பிடுச்சுன்னு ஊரு சொல்லுமாம். அப்ப நாம செஞ்சது உண்மைன்னு ஆயிடுமாம். சாதாரணக் காய்ச்சல்தான், வீட்டுலயே கிடக்கட்டும், வெளிய தெரிய வேணாங்கிறாரு. உங்க தம்பிக்கு எப்பிடி இருந்துச்சுன்னு நீங்கதான் எல்லாருக்கும் சொல்றீங்க. எனக்கும் சொல்லுங்க. கண்ணு எத்தனையாம் நாளு மஞ்சளாச்சு?"

இருபது வருசமாக எத்தனையோ பேர் கமலாசனியிடம் கதை கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"நாலாம் நாள்" என்றாள். அரிசிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு எழும்பினாள். "வா."

வீரபாகு வாசலில் கதிரை போட்டுக் காவல் போல இருந்தார். கமலாசனியைக் கண்டதும் எழும்பினார். முகம் இறுகியிருந்தது.

"என்ன தங்கச்சி, மிச்சக் கதைக்கு ஏதும் குறைஞ்சு போச்சா? பாத்துட்டுப் போக வந்தீங்களா?"

"வீரபாகண்ணை, விலகுங்கோ. பொடியனைப் பாக்கவேணும்."

"பாத்துட்டு என்னான்னு சொல்லுவீங்க? மண்ணை மூணு தரம் தூத்தினேன்னு சொன்னீங்க. அம்பது வருசமா இந்த மண்ணுலதான் பாடுபடுறேன். ஒரு புடி எடுத்து ஒருத்தனுக்கு எதிராத் தூத்தியிருக்கேனா நான்?"

"இல்லை" என்றாள் கமலாசனி.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை.

"நீங்கள் தூத்தேல்லை. நான்தான் தூத்தினனான். என்ர தம்பிக்கு வந்தது எலிக்காய்ச்சல். வெள்ளத் தண்ணிக்குள்ள எலி மூத்திரம் கலந்து காலில இருக்கிற புண்ணால ஏறுமாம், டொக்டர் அவ்வளவும் எனக்குச் சொன்னவர். அந்தத் தண்ணி உங்கட வயலிலயும் நிண்டது. உங்கட பொடியனும் அதுக்குள்ளதான் நிண்டவன். ரெண்டு நாள் முந்திக் கொண்டு வந்திருந்தால் தம்பியைக் காப்பாத்தியிருக்கலாம் எண்டவர். இப்ப நாங்கள் இதில நிண்டு கதைச்சுக் கொண்டிருக்கிறம்."

வீரபாகு தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"ஊரு சொல்லுமேம்மா" என்றார். இப்போது குரலில் கோபமில்லை, பயம்தான் இருந்தது.

"ஊர் என்ன சொல்லும் எண்டதை என்னட்டை விடுங்கோ. நீங்கள் ஓட்டோவைப் பிடியுங்கோ."

ஓட்டோவில் சதீசின் தலை அனோஜாவின் மடியில் கிடந்தது. கமலாசனி காலைத் தன் மடியில் தூக்கி வைத்திருந்தாள். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். தம்பியின் காலும் இப்படித்தான் இருந்தது, அப்போது பார்க்கத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் தாதி கேட்கும் முன்னரே அவள் சொல்லத் தொடங்கிவிட்டாள். எத்தனை நாள் காய்ச்சல், எந்த வயல், எவ்வளவு தண்ணீர், பக்கத்து வயல்காரனுக்கு என்ன நடந்தது. பெருமூச்சில்லாமல், ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் விடாமல் சொன்னாள். தாதி எழுதுவதை நிறுத்திவிட்டு டொக்டரைக் கூப்பிட்டாள். அன்றைக்கே ஊசிமருந்து ஏற்றினார்கள்.

இரண்டு நாள் ஒருவருக்கும் நித்திரையில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஆறாம் நாள் சதீஸ் அனோஜாவிடம் கொத்துரொட்டி கேட்டான். அதைக் கேட்டதும் வார்ட்டுக்கு வெளியே மர வாங்கிலில் இருந்த வீரபாகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

முப்பத்தோராம் நாளுக்கு முதல் நாள், கமலாசனி மரக்கறி வெட்டிக்கொண்டே சிவரூபியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். குளிசையை மறித்தது தான்தான் என்பதையும் சொன்னாள். சிவரூபி பூசணிக்காயைச் சீவுவதை நிறுத்தவில்லை. சீவியபடியே பேசினாள்.

"அவர் மேசையில போட்டதை எடுத்து அலுமாரிக்கு மேல வச்சது நான் மச்சாள். காய்ச்சல் வந்த முதல் நாளே எனக்கு ஞாபகம் வந்தது. இனிப் போட்டு என்ன எண்டு விட்டிட்டன்." கத்தியை வைத்தாள். "நாளைக்கு ஆக்கள் வருவினம். சொல்லுங்கோ."

"ஊத்தை வீடு எண்டு சொல்லுவினமடி."

"சொல்லட்டும். ஆனால் இந்த வீட்டில எலி இல்லை எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. எனக்கு அது வேணும்."

அடுத்த நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு நூற்றைம்பது பேர் வந்தார்கள். கிரியை முடிந்து ஐயர் போய், வாழையிலை போட நேரம் இருந்தது. வீரபாகுவைக் கமலாசனி வீடு தேடிப் போய்ச் சொல்லியிருந்தபடியால் அவர் வந்து, பந்தலின் கடைசிக் கதிரையில் ஒதுங்கி இருந்தார். பக்கத்துக் கதிரைகள் இரண்டும் வெறுமையாகக் கிடந்தன.

கமலாசனி பந்தலின் நடுவில் வந்து நின்றாள்.

"எல்லாரும் என்னட்டை என்னெண்டு நடந்தது எண்டு கேட்டனீங்கள். நானும் சொன்னனான். சொன்னதில பாதி பிழை. இப்ப திருப்பிச் சொல்லப்போறன், இருந்து கேளுங்கோ."

சொன்னாள். அதே கமலாசனிதான், அதே வாய்தான். சிவகரன் மேசையில் குளிசையைப் போட்டதை, காய்ச்சலோடு கஞ்சியைத் தள்ளிவிட்டதை, திங்கட்கிழமை கண்ணாடியில் கண்ணைப் பார்த்துவிட்டு "அக்கா, என்னக்கா இது" என்று கேட்டதை அவள் சொல்லச் சொல்லப் பந்தலில் சேலை நுனிகள் கண்ணுக்குப் போயின. மண் அள்ளித் தூற்றியது தன்னுடைய வாயில் வந்த பொய் என்றும் சொன்னாள். நடராசாவின் சத்திக் கதையைச் சொல்லித் தம்பியைச் சிரிக்க வைத்ததைச் சொல்லும்போது மட்டும் அவள் ஒன்றையும் நடித்துக் காட்டவில்லை.

முன்வரிசையில் இருந்த நடராசா நெளிந்தார்.

"பிள்ளை, அது குளிசையில பிழையில்லை" என்றார். "நான் விடியக் காலமை வெறுவயித்தில ரெண்டையும் போட்டிட்டு, மேலால வெறுந்தேத்தண்ணியும் குடிச்சிட்டு வயலுக்குப் போனனான். சாப்பிட்டிட்டுப் போடச் சொல்லித்தான் தந்தவை. வெக்கத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"சத்தியெடுத்ததை மட்டும் ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிஞ்சுது" என்றாள் அவருடைய மனுசி பின்னாலிருந்து. சிலர் சிரித்துவிட்டார்கள். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள்.

ரஜிதா எழும்பினாள். "அப்ப மச்சாள், வீட்டில எலி இல்லாட்டிலும் வருமே?"

"இந்த வீட்டில எலி இல்லை. வயலில இருக்கு. உன்ர வயலிலயும் இருக்கு."

அப்போது கடைசிக் கதிரையிலிருந்து வீரபாகு எழும்பினார்.

"தங்கச்சி என்னை நல்லவன்னு சொல்லிட்டாங்க. வரம்பை வெட்டினதை மெதுவா விட்டுட்டாங்க. வெட்டினேன். அதையும் சொல்லணும். ஆனா ஒண்ணு. அந்தக் குளிசை எங்க வீட்டுக்கு வரவே இல்ல. குத்தகைக்குச் செய்றவங்க பேரு அமைப்புல கிடையாது. பேரு இல்லாதவங்க காலும் அதே தண்ணியிலதான் நிக்குது. எங்களை மாதிரி பதினொரு வீடு இருக்கு."

கமலாசனிக்கே அது புதிது. நடராசா வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கிரியைக்குச் சாமான் எழுதின கடதாசியைத் திருப்பி, ஆரிடமோ பேனை வாங்கினார்.

"பேரைச் சொல்லுங்கோ அண்ணை" என்றார். "பதினொண்டையும் சொல்லுங்கோ. நாளைக்குக் காலமை நானே அவையளிட்டைக் கொண்டு போய்க் குடுக்கிறன்."

வீரபாகு ஒவ்வொன்றாகச் சொன்னார். எழுத வசதியாக முன்னால் வாருங்கள் என்று ரஜிதாவின் புருசன் தன் கதிரையை இழுத்துப் போட்டான்.

தை முடியப் போகிற நாளில், கமலாசனி கிளிநொச்சிக்குப் போய் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். முன் சீற்றில் இரண்டு பெண்கள். யன்னல் பக்கத்தவள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"பரந்தன் பக்கம் ஒரு மனிசனாம், மூண்டு பொம்பிளைப் பிள்ளையளாம். தமக்கைக்காரி தடுத்தபடியால குளிசை போடாமல் விட்டதாம். அந்த மனுசி அந்தியேட்டி அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால விழுந்து கும்பிட்டவவாம். அடுத்த வயல் கிழவனைத் தோளில தூக்கிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினவவாம்."

கமலாசனிக்கு உதடு துடித்தது. பரந்தன் இல்லை. பொம்பிளைப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. விழுந்தும் கும்பிடவில்லை, தூக்கவும் இல்லை, சதீஸ் கிழவனுமில்லை. ஒரு கதையை இப்படியா சொல்லுவது. தோளைத் தட்டித் திருத்திவிடலாம் என்று கையைத் தூக்கினாள்.

அதற்குள் மற்றவள் போனை எடுத்துவிட்டாள்.

"இஞ்சருங்கோ, வெளிக்கிட்டிட்டியளே? வயலுக்குப் போகாதேங்கோ. அண்டைக்குத் தந்த குளிசை, சீனிப்போத்தலுக்குப் பக்கத்தில கிடக்கு, எடுத்துப் போட்டிட்டுப் போங்கோ. ஏனெண்டால்... ஏனெண்டு கேட்டுக்கொண்டு நிக்காதேங்கோ, வந்து சொல்லுறன். தம்பிக்கும் போன் எடுத்துச் சொல்லுங்கோ. ஓம், தம்பியும்தான். இல்லை, பகிடியில்லை. நான் லைனிலயே நிக்கிறன், நீங்கள் எடுங்கோ."

கமலாசனி தூக்கிய கையை மடியில் வைத்தாள். போனுக்குள் அந்த மனிசன் போத்தல்களை உருட்டுகிற சத்தம் அவளுக்கும் கேட்டது. அவன் தேடி எடுத்து, என்ன நிறம் என்று இரண்டு தரம் கேட்டு, தண்ணீரோடு விழுங்கி முடிக்கும் வரைக்கும் அவள் காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது இறங்க வேண்டிய இடம் போய்விட்டிருந்தது. அடுத்த தரிப்பில் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாய்க்கால் கரையால் வீட்டுக்கு நடந்தாள்.